பெஞ்சமினுக்குக் கேட்காத சத்தம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் கிளம்பக் காத்திருந்தேன். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தபோது யாரோ ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள். திருமழிசை செல்வம். அந்த நேரத்தில் அவனுக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது.

"மச்சான், பென்னி பூட்டான்டா. காலைல பல்லு வெளக்கிக்கினு இருந்தானாம். நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே உக்காந்துட்டானாம்."

"நான் டிக்கெட் எடுத்துட்டேனே" என்றேன். நண்பன் செத்துப்போன செய்திக்கு ஒரு மனிதன் சொல்கிற பதிலா அது? செல்வம் திட்டவில்லை. கையை நீட்டி என் டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டான். நான் இறங்கி வந்தேன்.

ஆவடி பெஞ்சமினைப் பற்றி, நம் பென்னியைப் பற்றி, நாலு வரி எழுதித் தரும்படி வண்டிக் கூட்டாளிகள் நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் அவன் தகட்டை இடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் ஃபிட்டர், நான் இன்ஸ்பெக்‌ஷன். அவன் வேலை செய்வான், நான் அதில் குற்றம் கண்டுபிடிப்பேன். சட்டைப்பையில் எப்போதும் அளவு பார்க்கும் கேஜ் இருந்ததால் எனக்கு 'கேஜு' என்று பெயர் வைத்தவன் அவன்தான். இருபது வருடமாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு என்னை அப்படிக் கூப்பிட ஒரு ஆள் குறைந்துவிட்டான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் கேன்டீனில் அவன் ஒரு படத்தைப் பிரித்து வைத்தான். பழைய பேப்பர் கடையில் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்தது. தாழ்ந்த கைப்பிடி, நீளமான டேங்க், பின்னால் சின்னத் திமிலோடு ஒற்றை சீட்டு. ஓட்டுகிறவன் டேங்கின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தான். கஃபே ரேசர் என்று போட்டிருந்தது. டீக்கடைக்கு டீக்கடை விரட்டிக்கொண்டு போகிற வண்டி என்று பென்னி அர்த்தம் சொன்னான்.

"இதுல ரெண்டாவது ஆளு எங்கடா உக்காருவான்?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது ஆளே கெடையாது கேஜு. அதான் அழகு."

பூந்தமல்லி ரோட்டில் டீக்கடைக்கா பஞ்சம்? ராணுவ ஏலத்தில் கழித்துவிட்ட பழைய புல்லட் ஒன்றை ஆவடியில் ஒரு காயலான் கடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான். நம் ஊர் வாய்க்குக் 'கஃபே ரேசர்' நுழையவில்லை. அது 'குனிஞ்ச வண்டி' ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாடகை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கூடினோம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நின்றது. பிறகு உங்களில் பலரும் ஆளுக்கொரு பழைய வண்டியோடு வந்து சேர்ந்தீர்கள். இஞ்சின் என்றால் பென்னி. அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இருக்கவில்லை.

அவனுடைய சொந்த வண்டிக்கு டேங்க் அடித்தவன் செல்வம். அப்பாவோடு வயலில் நின்றவன், எஸ்டேட்டில் தகரவேலை பழகி, தகட்டைத் துணி மாதிரி வளைப்பான். மூன்று மாதம் மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி, கையால் தடவினால் வழுக்குகிற மாதிரி ஒரு டேங்க் செய்தான். பொருத்திப் பார்த்தால் கைப்பிடி முழுசாகத் திரும்பவில்லை. திருப்பினால் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கட்டைவிரல் நசுங்குகிறது. நசுங்கியது என் விரல்தான். அளவைக் குறித்துக் கொடுத்தவனும் நான்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். டேங்கில் இரண்டு பக்கமும் பள்ளம் அடித்தால்தான் வழி. செல்வம் முடியவே முடியாது என்றான். பென்னி சுத்தியலை அவன் கையில் கொடுத்து, "நீ அடிச்சா அது பள்ளம். வேற எவன் அடிச்சாலும் சொட்டை" என்றான். செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தான். அந்தப் பள்ளங்கள்தான் வண்டிக்கே முகம் மாதிரி அமைந்தன.

அந்த டேங்குக்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மார்கழி விடிகாலையில் மூன்று பேரும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். செல்வம் டீ வாங்கப் போயிருந்தான். தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. எங்கே ஏரி முடிந்து எங்கே மேகம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் பறவைகள் இறங்கியிருந்தன. ஒரே கூச்சல். பக்கத்தில் இருப்பவனோடு பேச முடியாத அளவுக்குக் கீச்சுக் கீச்சென்று.

பென்னி தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்: "இன்னாபா, இந்த வருசம் குருவிங்க சத்தமே காணோம்?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. நான் கையை நீட்டிக் காட்டினேன். நாணல் ஓரத்தில் இருந்த கூட்டத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "வாயத் தொறக்குதுங்க" என்றான்.

பத்து வருட பிரஸ் ஷாப் அவன் காதை எடுத்துக்கொண்டிருந்தது. கனமான சத்தமெல்லாம் கேட்கும். பேச்சை உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவான். மெல்லிய சத்தங்கள் மட்டும் அவனை விட்டுப் போய்விட்டன. "யார்கிட்டயும் சொல்லாத கேஜு. கம்பெனில ஓரங்கட்டிடுவாங்க. நம்ம பசங்களுக்குத் தெரிஞ்சா எவன் இஞ்சினக் கொண்டாந்து குடுப்பான்?" என்றான். அவனுக்கு அம்மா அப்பா இல்லை, சொத்து இல்லை, அப்போது கல்யாணமும் ஆகவில்லை. இஞ்சின்காரன் என்ற பெயர் ஒன்றுதான் இருந்தது.

அன்று முதல் அவனுக்காக நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து அவன் வந்ததும், நீங்கள் எல்லாரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, நான் போய்விடுவேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எங்கே என்ன சத்தம் என்று விரலால் காட்டுவேன். அவன் சரிசெய்வான். ஆள் வரும் சத்தம் கேட்டதும் ஸ்க்ரூடிரைவர் அவன் கைக்குப் போய்விடும். அதற்குக் கைமாறாக அவனே எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு சட்டம் போட்டான்: புது வண்டியைக் கட்டினவன் முதலில் ஓட்டுவான், காது கொடுத்தவன் இரண்டாவது. டேங்க் அடித்த தன்னை விட்டுவிட்டு இரண்டாவது முறை ஏன் எப்போதும் எனக்கு என்று செல்வத்துக்குக் கடைசிவரை புரியவில்லை. அவன் கேட்டால் பென்னி, "கேஜு பாவம்பா, ஊட்ல வண்டி இல்ல" என்று சமாளிப்பான்.

பென்னியின் வண்டி தயாரான ஞாயிறு பொங்கல் கழிந்து வந்தது. உங்களில் எட்டுப் பத்துப் பேர் திருமழிசை கூட்டுரோட்டில் காத்திருப்பதாக ஏற்பாடு. விடிவதற்குள் நான் ஆவடிக்குப் போனேன். இஞ்சின் ஓடியது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன். அடி வயிற்றிலிருந்து வருகிற மாதிரி நிதானமான துடிப்பு. அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டான். விடும்போது, துடிப்புக்குக் கீழே, ஒரு மெல்லிய கிலுகிலுப்பு. குழந்தை கொலுசு மாதிரி. இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். மறுபடி முறுக்கச் சொன்னேன். இருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது, இஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதம். அவன் புருவத்தைத் தூக்கி, "இன்னா?" என்று கேட்டான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் ஈரத்தோடு நின்றான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் மனம் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இரண்டாவதாக ஓட்டப்போவது நான். ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் அந்த வண்டியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

"சுத்தமா கீது" என்றேன். அவன் என் உதட்டை நன்றாகப் பார்த்துப் படித்தான். சிரித்தான்.

நான் பஸ் பிடித்து முன்னால் போனேன். திருமழிசையில் பனி இடுப்பளவுக்கு நின்றது. பென்னி எங்களைத் தாண்டி மேற்கே குத்தம்பாக்கம் பக்கம் போனான். முதலில் வண்டி மறைந்தது, அப்புறம் அவன் முதுகு மறைந்தது, சத்தம் மட்டும் வயல்களுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. செல்வம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சத்தம் எங்கேயோ திரும்பி, மறுபடி எங்களைப் பார்த்து வரத் தொடங்கியது. கொக்குகள் எழுந்தன. பனிக்குள்ளிருந்து தாழ்வாக ஏதோ ஒன்று வந்தது. சக்கரம் தெரியவில்லை, தரை தெரியவில்லை. டேங்கின் மேல் படுத்து, கன்னத்தைச் செல்வத்தின் தகட்டில் வைத்தபடி, பென்னி மிதந்து வந்தான். அந்த அரை நிமிடம் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அவன் வந்துகொண்டுதான் இருக்கிறான்.

பிறகு சத்தம் நின்றது. மோதின சத்தம் எதுவும் இல்லை, இருந்த சத்தம் அறுந்துபோனது. இஞ்சின் இறுகிப் பின்சக்கரமும் நின்று, டயர் ஒருமுறை கிறீச்சிட்டது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது அவன் சேற்று வயலில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். காறை எலும்பு முறிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து வேப்பமரத்தடியில் இஞ்சினைப் பிரித்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பென்னி கையைத் தூளியில் தொங்கவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடை நான் கையில் பிடித்து ஆட்டினேன். பல் விழப்போகிற மாதிரி ஆடியது. செல்வத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"இம்மாம் ஆட்டம் கீது. சத்தம் வராமயா இருந்துருக்கும்? யார்டா இந்த இஞ்சினக் கேட்டது?"

என் சட்டைப்பையில் கேஜ் இருந்தது, வாயில் நாக்கு இருந்தது. இரண்டும் அசையவில்லை. பென்னி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். அவனும் ஃபிட்டர்தான். அப்படி ஆடுகிற ராடு முன்னாலேயே சத்தம் போட்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? பார்த்துவிட்டு, செல்வத்தின் பக்கம் திரும்பினான்.

"நான்தாம்பா கேட்டேன். எனக்குக் காது பூட்ச்சு. ரெண்டு வருசமா சரியா கேக்கல. ஒங்ககிட்ட சொல்லல."

மறைத்து மறைத்து வைத்திருந்ததை அவனே எடுத்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டான். அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ஒவ்வொருவராக இஞ்சினை வேறு இடத்துக்குக் கொண்டுபோனோம். பேச்சு கம்பெனிக்கும் போய், அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பிடி வளைப்பான், சீட்டு தைப்பான், டீ வாங்கிக் கொடுப்பான். இஞ்சினைத் தொடச் சொன்னால், "வேணாம்பா, செவிடன் கை வெச்சா நல்லா இருக்காது" என்று சிரிப்பான். நாமும் கூடச் சேர்ந்து சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை அவனிடம் சொல்ல முயன்றேன். கடைசித் தடவை பூந்தமல்லியில் ஒரு டீக்கடை பெஞ்சில். "பென்னி, அன்னிக்கிக் காலைல..." என்று ஆரம்பித்தேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது கேட்காதவனுக்கு அந்த ஒரு வசதி உண்டு. நான் பேசி முடிக்கும்வரை போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீ ஆறுது பாரு" என்றான்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லா, அந்த விபத்துக்குப் பிறகு அவன் கைபிடித்தவள், எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். "அண்ணா, அவரு காது மட்டும் நல்லா இருந்துருந்தா அந்த வண்டி ஓடியிருக்கும்ல? என் காதாலதான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

கட்டின மனைவியிடமும் சொல்லவில்லை அவன்.

நான் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரு கூட்டாளிங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க அண்ணா" என்றாள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 'கேஜுதான் கேட்டான்' என்று சொல்ல அவனுக்குப் பத்து வருடம் இருந்தது. இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் அவன் பெயர் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. அவனிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அவன் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தைதான். செல்வம், நண்பர்களே, அன்று அந்த இஞ்சினைக் கேட்டது நான். எனக்கு நன்றாகவே கேட்டது.