பூட்டி வைத்த கிணற்றுக் கயிறு

திருவனந்தபுரம் வலியசாலை வீட்டுக் கிணற்றுக் கயிறு என் மாமனாருடைய சொத்து என்று நாங்கள் கேலி பேசுவோம். ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கின பிறகும் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்தவரில்லை. விடியுமுன் பத்மதீர்த்தக் குளம் வரை நடந்துபோய் முங்கிக் குளித்து, ஈர வேட்டியோடு விறுவிறுவென்று திரும்பி வருவார். வந்த கையோடு வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் சேந்தி அண்டாக்களை நிரப்புவார். மருமகள்கள் நாங்கள் வாளியைத் தொட்டால் அவருக்குக் கோபம் வரும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான சமயம் அவருக்கு சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. என் மச்சினர், என் கணவரின் அண்ணா, அப்போதுதான் ஆபீசராகியிருந்தார். அவருடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்த அன்று, மாமனார் இடுப்பில் துண்டோடு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான், மச்சினருக்கு மானம் போய்விட்டது. மறுவாரமே கூடத்தில் பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி வந்தது. தண்ணீர் சேந்துவது சமையற்கார மாமி தலையில் விழுந்தது. அப்பா ஒளிந்து ஒளிந்து சேந்துகிறார் என்று தெரிந்ததும், மாமி வேலை முடித்தவுடன் கயிற்றைக் கழற்றி நெல் பத்தாயத்துக்குள் பூட்டச் சொன்னார் மச்சினர். குளத்துக்கு நடப்பதும் நின்றது.

தெருவே மெச்சிற்று. அப்பாவை ஒரு துரும்பு எடுக்க விடுவதில்லையாம், பிள்ளையென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று. அதைக் கேட்கும்போது மச்சினர் முகத்தில் வழிந்த பெருமை இருக்கிறதே, சீ! அவரை நடக்க விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கினதுதான் மிச்சம். பிள்ளையின் பேர் கெடக்கூடாதே என்று மாமனாரும் அடங்கிப் போனார்.

நெய்யும் பாயசமும் நாற்காலிக்கே வந்தன. தொந்தி சரிந்தது, பாதம் வீங்கியது. ஒரு நாள் முழங்காலைத் தடவிக்கொண்டே என்னிடம், "வெறுதே ஒக்காந்து ஒக்காந்து, இது என் கால்தானான்னே தெரியலைம்மா" என்றார். பிறகு சந்தியாவந்தனத்துக்கு நின்று அர்க்கியம் விடக்கூட முடியாமல் போயிற்று. கேரளம் பிறக்குமுன்பே அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது மச்சினருக்கும் அறுபது தாண்டியாயிற்று. டாக்டர் சொன்னாராம், தினமும் கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு மியூசியம் தோட்டத்தைச் சுற்றுகிறார். எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் நடையைப் பற்றி உபதேசம் வேறு. போன வாரம் அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு காபி கேட்டார். நான் அடுக்களையில் கலந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து சொன்னார்:

"நம்ம அப்பா மட்டும் சோம்பல் படாம நாலு எட்டு நடந்திருந்தா, இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்."

கலந்த காபியை அப்படியே சாக்கடையில் கொட்டினேன். வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.