நீர்நாய்க்கு இடம் பிடித்தவர்

மருந்துக் கடைக்காரரைக்கூட அத்தான் விடுவதில்லை. "என் காதைப் பாத்துப் பேசுறீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க... ஆங், இங்கதான் நான் இருக்கேன்" என்று இரண்டு புருவங்களுக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டுவார். கடைக்காரர் மிரண்டுபோய் மாத்திரையை மாற்றி எடுப்பார். பக்கத்தில் நிற்கும் என் அக்காவுக்கு மானம் போகும்.

எதிராளியின் பார்வை எங்கே நிற்கிறது என்பது அத்தானுக்கு ஒரு விரல் அகலம் பிசகாமல் தெரியும். நான் கைப்பேசியை நோண்டிக்கொண்டே 'உம்' கொட்டினால், பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார். கோபமெல்லாம் கிடையாது. என் கண் திரும்பி வரும்வரை காத்திருந்து, விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். அவரிடம் ஒரு சின்னக் கதை கேட்டு முடிக்க ஒரு பொழுது வேண்டும்.

இந்த வியாதி தொழிலால் வந்தது. முதலில் செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றார். நின்றார் என்பது பேச்சுக்கு. நாள் முழுக்க முழங்காலில்தான். வந்தவர் பாதத்தைப் பிடித்துச் செருப்பை மாட்டிவிட்டு, அண்ணாந்து முகத்தைப் பார்த்து, கடிக்கிறதா என்று கேட்க வேண்டும். வாய் 'கடிக்கல' என்று சொன்னாலும் கண் காட்டிக் கொடுத்துவிடும் என்பார். கடையை மூடியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? முழங்காலிட ஆள் வேண்டும் என்று கேட்டு வந்த ஒரே இடம் ஒரு சினிமாக் கம்பெனி.

அது ஒரு விடுமுறைப் படம். பள்ளி லீவுக்காகக் கடலோரத்தில் வீடு வாடகைக்கு எடுக்கிறது ஒரு குடும்பம். அந்த வீட்டுக் குளியல் தொட்டியில் ஏற்கெனவே ஒரு நீர்நாய் குடியிருக்கிறது. அது பேசும், பாடும், குழாயைத் திறந்துவிட்டு ஓடிவிடும். அப்பா, அம்மா, ஏழு வயதுப் பெண் எல்லாரும் நிஜ மனிதர்கள்; நீர்நாய் மட்டும் கம்ப்யூட்டரில் வரைவது. ஆகவே படப்பிடிப்பின்போது நீர்நாய் என்று ஒன்று அங்கே இருக்காது. அது நிற்கப்போகும் இடத்தில், தலையிலிருந்து கால்வரை நீல உடுப்பை மாட்டிக்கொண்டு, நீர்நாயின் கண்ணுக்கு அடையாளமாக நெற்றியில் இரண்டு வெள்ளைப் பொட்டுகளோடு, முழங்காலிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்திருந்தவர் என் அத்தான். நடிப்பவர்கள் பொட்டைப் பார்த்துப் பேசுவார்கள். பிறகு படம் வரைகிறவர்கள் அவரைத் துடைத்துவிட்டு நீர்நாயை வைப்பார்கள். குரல்கூட வேறொருவருடையது.

"உடம்பு அவங்களுது, குரல் இன்னொருத்தருது. நான் பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிற ஆளு" என்று சிரிப்பார். கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று அக்கா அன்றே சொன்னாள். அவர் அதற்கும் சிரித்தார்.

முதலில் ஒரு குச்சி நுனியில் பந்தைக் கட்டித்தான் நிறுத்திப் பார்த்தார்களாம். அந்த ஏழு வயதுப் பாப்பாவின் முகம் மரமாகிவிட்டது. பந்தோடு எந்தப் பிள்ளை சண்டை போடும்? அத்தான் வந்ததும் அவள் வாய் ஓயவில்லை. ஆடுகிற பல்லை அவரிடம்தான் காட்டுவாள். நீர்நாய் மாமா என்று ஆரம்பித்து, வாய்க்கு வசதியாக 'நாய் மாமா' ஆக்கிவிட்டாள். வீட்டுக்கு ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாய் மாமா இருக்காரா?" என்று கேட்டாள். எடுத்தது அக்கா. அந்த வாரம் முழுக்க நான் அந்தப் பக்கம் போகவில்லை, சிரித்து மாட்டிக்கொள்வேன் என்று.

செருப்புக் கடை தின்ற மூட்டு எத்தனை நாள் தாங்கும்? படப்பிடிப்பின் கடைசி வாரம், விடுமுறை முடிந்து குடும்பம் ஊருக்குக் கிளம்பும் காட்சிகள். வலி பொறுக்க முடியாமல் அத்தான் ஒரு கம்பளியை மடித்துக் குதிகாலுக்கும் பின்புறத்துக்கும் நடுவே செருகிக்கொண்டார். வெளியே சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், யாரிடமும் சொல்லவில்லை. கம்பளி நான்கு விரல் தடிமன். பொட்டும் நான்கு விரல் மேலே ஏறிவிட்டது. ஊரார் பார்வையையெல்லாம் அளக்கிற மனிதர் தன் உயரத்தை மறந்துவிட்டார்!

சில மாதம் கழித்து, படம் வரையும் குழுவின் தலைவி ஏதோ அளவு கேட்க அவரைக் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: கடைசிக் காட்சிகளில் பாப்பா நீர்நாயின் கண்ணைப் பார்க்கவில்லை, உச்சந்தலையைப் பார்க்கிறாள். பிள்ளைக்குக் கவனம் போய்விட்டது, இதே நீர்நாயை வைத்து அடுத்து எடுக்கும் இரண்டாவது படத்துக்கு வேறு பிள்ளை பாருங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

அன்று இரவு அத்தான் தட்டில் கை வைக்கவில்லை. அக்கா விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"வாயத் தொறக்காதீங்க" என்றாள். "அவ சின்னப் புள்ள. நாளைக்கே இன்னொரு படம் தேடி வரும். உங்களத் தேடி எது வரும்?"

அக்கா சொன்னது தப்பு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். இரண்டாவது படத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவதாக இருந்தார்கள். வீட்டு வாடகையிலிருந்து மூட்டு மாத்திரைவரை அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அத்தான் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். நடந்ததைக் குழுத் தலைவிதான் பிறகு எனக்குச் சொன்னாள். திரையில் பாப்பாவின் முகத்தை நிறுத்திவைத்து இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்தாராம். அத்தான் அருகில் போய், "பாப்பா சரியாத்தான் பாத்தா. நான் எங்க இருந்தேனோ, அங்கதான் பாத்தா. நான்தான் ஒசந்துட்டேன்" என்றார். கம்பளிக் கதையை முழுக்கச் சொல்லி முடித்தார். இயக்குநர் கெட்டவர் இல்லை. எழுந்து கைகொடுத்தார், தேநீர் வரவழைத்தார். பாப்பாவையே இரண்டாவது படத்துக்கும் வைத்துக்கொண்டார். முட்டி நோகாத ஓர் இளைஞனை அந்த மாதமே வேலைக்கு எடுத்தார். அதில் அவரைக் குறை சொல்லவும் வழியில்லை.

திரும்ப எடுக்க முடியாத காட்சிகளுக்குக் குழுத் தலைவி ஒரு வழி கண்டாள். அந்தக் காட்சிகளில் நீர்நாயைக் குதிகால் தூக்கி, எம்பி நிற்கவைத்தாள். பார்வை சரியாகப் பொருந்திவிட்டது.

வீட்டில்தான் எதுவும் பொருந்தவில்லை. அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டு வைக்கிற சத்தம் பேசியது, கதவு பேசியது. அத்தான் வேலை தேடிப் போவார், மாலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். பாவமாக இருக்கும். அக்காவைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கும்.

பள்ளி லீவுக்குப் படம் வெளியானது. முதல் காட்சிக்குக் கம்பெனியிலிருந்து டிக்கெட் வந்தது. வரமாட்டேன் என்ற அக்கா, டிக்கெட் வீணாகக் கூடாது என்று வந்தாள். எனக்கும் அத்தானுக்கும் நடுவே உட்காராமல், அவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.

அரங்கு முழுக்கப் பிள்ளைகள். நீர்நாய் குழாயைத் திறந்துவிட்டபோது கூரை பெயர்கிற மாதிரி சிரித்தார்கள். கடைசியில் காரில் சாமான் ஏறுகிறது. வாசலில் நீர்நாய், குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி நிற்கிறது. பாப்பா அதன் கண்ணுக்குள் பார்க்கிறாள். எனக்குப் பின்னாலிருந்த பிள்ளை, அது ஏன் எம்பி நிக்குது என்று கேட்டது. "அவ மொகத்த நல்லா பாத்துக்கணும்ல, அதான்" என்றாள் அதன் தாய். அத்தான் என் பக்கம் சாய்ந்து, சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விளக்கு எரிந்ததும் முன்வரிசையிலிருந்து பாப்பா எங்கள் வரிசைக்கு ஓடிவந்தாள். அத்தான் பழக்க தோஷத்தில் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு முழங்காலிடக் குனிந்தார். பாதி போனவர் முகம் சுளித்து, முடியாமல் நிமிர்ந்துவிட்டார். பாப்பா அண்ணாந்து பார்த்தாள். பிறகு, அவருக்கும் அக்காவுக்கும் நடுவே காலியாகக் கிடந்த இருக்கையை இழுத்துவிட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். இப்போது அவள் கண்ணும் அவர் கண்ணும் நேருக்கு நேர். விழுந்த பல்லைப் பற்றி ஆரம்பித்தாள். புது நீர்நாய் மாமா சிரிக்கவே மாட்டாராம்.

அது ஆள் எழுந்தால் தானே மடிந்துகொள்கிற இருக்கை. பாப்பாவின் கனம் அதற்குப் போதவில்லை. அவள் பேச்சு மும்முரத்தில் ஆட ஆட, முன்பக்கம் எழும்பி அவளைத் தள்ளப் பார்த்தது.

அக்கா கைப்பையைத் தரையில் வைத்தாள். குனிந்து, இரண்டு கைகளாலும் இருக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் வழி கேட்டார்கள். பெருக்குகிறவர்கள் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். பேசுகிற இரண்டு பேரும் எதையும் கவனிக்கவில்லை. அக்கா நிமிரவே இல்லை.