சர்வரை நிறுத்தும் முறை

கம்ப்யூட்டரை நான் பழகியது செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். கல்லூரிக் காலம் முழுக்க மாலையில் அங்கே வேலை பார்த்தேன். அங்கே எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான், அணைத்துப் போடுவது. திரை உறைந்தாலும் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அதே மருந்து. அந்தப் பழக்கத்தோடுதான் சிறுசேரிக்கு வேலைக்குப் போனேன்.

மாணவர்கள் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போடும் தளம் ஒன்று எங்கள் சர்வரில் ஓடியது. சர்வர் என்றால் வெறும் பெட்டி அல்ல. அதற்குள் யார் கண்ணிலும் படாமல் ஓயாமல் ஓடும் ஒரு புரோகிராம். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால்தான் அதற்குக் காது கேட்கும். ‘ஸ்டாப்’ என்றால் நிற்கும், ‘ஸ்டார்ட்’ என்றால் ஓடும்.

சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு காலையில் அதன் செட்டிங் ஃபைலில் சின்னத் திருத்தம் ஒன்று செய்தேன். வழக்கம்போல ஸ்டாப் அடித்தேன். நின்றது. ஸ்டார்ட் அடித்தேன். எழவில்லை. திருத்திய வரியில் ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருந்தேன். அதைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் தளம் இல்லை.

எங்கள் டீம் லீடர் நாகர்கோவில் பக்கத்துப் பெண்மணி. அவர் கத்தவில்லை.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ண இது என்ன மிக்ஸியா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மதியமே சர்வரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார், புதியதை எனக்குத் தரவில்லை. கூடவே ஒரு விதியும் வந்தது. இனி யார் கட்டளை அடித்தாலும் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ‘சரி’ என்ற பிறகே என்டர். எல்லாருக்கும் என்றுதான் சொன்னார். யாரால் வந்த விதி என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆறாம் மாத முடிவில் வேலையை உறுதி செய்வார்கள். பாஸ்வேர்டு இல்லாத சர்வர் ஆளை எதற்கு உறுதி செய்யப் போகிறார்கள்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கருங்குழியில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். பிறகு மாமல்லபுரம் கடற்கரையில் கையால் சுற்றும் ராட்டினத்துக்கு வந்துவிட்டார். பிள்ளை கம்ப்யூட்டரை ஓட்டுகிறான் என்று சுண்டல் விற்பவர்வரை சொல்லி வைத்திருந்தார்.

சர்வரின் கையேட்டை அச்செடுத்து, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். நான் தாண்டிப்போன இரண்டு சொற்கள் அதில் இருந்தன. ‘கான்ஃபிக்டெஸ்ட்’ என்று அடித்தால், ஓடும் சர்வரைத் தொடாமலே செட்டிங் ஃபைலைப் படித்துப் பார்த்துப் பிழை சொல்லும். ‘கிரேஸ்ஃபுல்’ என்று அடித்தால், நடந்துகொண்டிருக்கும் வேலையை முடிக்கவிட்டு, புதிதாக வருபவர்களுக்கு மட்டும் புது செட்டிங்கைக் கொடுக்கும். ஆபீஸ் லேபில் சும்மா கிடந்த பழைய மெஷினில் பத்து நாள் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய ஃபைல் இறங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் கிரேஸ்ஃபுல். ஒருமுறைகூட ஃபைல் அறுபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் தூறல் விழுந்தது. அப்பா புதிதாக யாரையும் ஏற்றாமல், மேலே இருந்தவர்களைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். நான் படிப்பதும் இதைத்தான் என்று விளக்கிச் சொன்னேன். “இத்த தெரிஞ்சிக்கவா பஸ்ல இங்கிலீசு பேப்பரு படிச்சிகினு போற?” என்று சிரித்துக்கொண்டே காலிப் பெட்டியின் கொக்கியை மாட்டினார்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. பதினோரு மணிக்கெல்லாம் புகார் போன்கள். சின்ன ஊர் பிரவுசிங் சென்டர்களில் லைன் மெதுவாக இருந்ததால், பிள்ளைகளின் போட்டோ ஏறி முடிப்பதற்குள் சர்வர் பொறுமையிழந்து இணைப்பை அறுத்துவிட்டது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். டீம் லீடரே செட்டிங் ஃபைலைத் திறந்து அந்த வரியை மாற்றினார். தளத்தின் சொந்தக்காரரான வாடிக்கையாளர் போனில், நிறுத்திப் போடுங்கள், நிறுத்திப் போடுங்கள் என்று விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் நான்.

“ஸ்டாப்,” என்றார் மேடம், விதிப்படி.

நான் சரி என்று சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். விரல் என்டர் மேலேயே இருந்தது.

“வேணாம் மேடம். இப்போ போட்டோ ஏத்திகினு இருக்கறவங்க எல்லாம் அறுந்துடுவாங்க. டெஸ்ட் பண்ணிட்டு கிரேஸ்ஃபுல் போடலாம்.”

“முன்னே அடிச்சிருக்கியா?”

“லேப்ல பத்து நாளா அடிக்கிறேன்.”

போனை மேசையில் கவிழ்த்துவிட்டு, கீபோர்டை என் பக்கம் தள்ளினார். கான்ஃபிக்டெஸ்ட் என்று சொன்னேன். சரி என்றார். அடித்தேன். பிழை. அவர் அவசரத்தில் மாற்றிய வரியில் நேரத்தைக் குறிக்கும் எண்ணோடு ஓர் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாப் அடித்திருந்தால் அன்றைக்கும் சர்வர் எழுந்திருக்காது. அந்த எழுத்தை அழித்தேன். மறுபடி டெஸ்ட். பிழையில்லை என்றது.

“கிரேஸ்ஃபுல்.”

“சரி.”

என்டர் தட்டினேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லாதென்று எனக்குத் தெரியும். சர்வர் செய்வதையெல்லாம் வரி வரியாகப் பதியும் லாக் திரையைக் காட்டினேன். வரிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. பாதியில் இருந்த போட்டோக்கள் பலவும் முழுதாக ஏறி முடிந்தன. புதிதாக வந்தவையும் அறுபடாமல் ஏறின.

மேடம் போனை நிமிர்த்தி, முடிந்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொன்னார். பிறகு ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி என்னிடம் நீட்டினார். புது பாஸ்வேர்டு.

“மனசுல ஏத்திட்டு கிழிச்சுப் போடு, கேட்டியா. விதி அப்படியேதான் இருக்கும். எனக்கும்தான்.”

இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்தேன்.