கொக்குக்குப் பின்னால் எழுதியது

பிரேம் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் அரைமில்லி. வீட்டு நிலைப்படியை அளந்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார் என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் கிளப்பிவிட்டது பொய். அரை மில்லிமீட்டர் பிசகியதென்று வெட்டி முடித்த கண்ணாடியை ஒதுக்கிவைத்தது மெய். முப்பத்தொரு வருடத்தில் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு படங்கள். கணக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பிழை என்று திரும்பி வந்தவை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பூஜ்யம். அதை அவர் பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாக வளர்த்தார். பிள்ளை வேலை கிடைத்ததும் வெளியூர் போய்விட்டது. பூஜ்யம் கூடவே இருந்தது.

படத்தை ஒட்டுவதற்கு முன்னால், பின்னட்டையில் தேதி, அன்றைய ஈரப்பதம், பசையின் பக்குவம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவைப்பது அவர் வழக்கம். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு வரி. கறை முன்பே இருந்தது, கிழிசல் கொண்டுவந்தவர் கைவேலை என்று, நாளைக்கு வம்பு வந்தால் பிரித்துக் காட்டலாம். வம்பு வரவில்லை; குறிப்பு மட்டும் வளர்ந்தது. ‘அப்பா படம். பத்து வருடம் கட்டிலுக்கடியில் கிடந்திருக்கிறது. பாசம் நேற்றுதான் வந்திருக்கிறது’ என்றெல்லாம் எழுத ஆரம்பித்தார். மேலே படம் உட்கார்ந்துவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? ஒருவரையும் ஒரு சொல் சொல்லாத மனிதர் என்று தெரு அவரைப் புகழ்ந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம்தான் அட்டை வாங்கிக்கொண்டதே.

நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாவது படம் கொழுந்தியாளுடையது. மனைவிக்கு ஒரே தங்கை. பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும் பட்டர் பேப்பரை நுணுக்கமாகக் கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தண்ணீரில் நிற்கும் ஒரு கொக்கைச் செய்திருந்தாள். மூன்று முறை வேண்டாமென்று சொன்ன பொது நூலகம் இந்தத் தடவை அதைச் சுவரில் மாட்டச் சம்மதித்திருந்தது. காகிதம் வெட்டுகிறாள் என்று நாலு வருடமாகச் சிரித்த அவளுடைய மாமியாரும் நாத்தனாரும் சனிக்கிழமை நாலு மணிக்குப் பார்க்க வருகிறார்கள். பிசகினால் அந்தச் சிரிப்பு இன்னும் நாற்பது வருடம் ஓடும்.

அரைமில்லி முதலில் அவளுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். இந்த ரகக் காகிதம் மூச்சு விடும். ஈரத்தில் தளரும், வறட்சியில் விறைக்கும். முழுக்கப் பசை தடவுகிறவன் மடையன். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதப் பட்டை, கீல் போல. கண்ணாடி தொடாமல் நாலு மில்லி இடைவெளி. சொன்னபடியே செய்தார். செய்வதற்கு முன், சொல்லாததையும் செய்தார். கறுப்பான பென்சிலால், அழுத்தி: ‘குறிப்பு: கொக்கா வாத்தா தெரியவில்லை. இடது கீழ் மூலையில் மடிப்பு. செய்தவர் மடித்தது, ஒப்புக்கொள்ளமாட்டார். மனைவி வழி. ஜாக்கிரதை.’

கடையில் காகிதம் விறைப்பாக அட்டையிலிருந்து சற்று எழும்பி நின்றது. பின்னால் இருந்தது கண்ணுக்குப் படவில்லை. நூலகத்தில் மாட்டியபின் இரண்டு நாள் மழை. மூச்சு விடும் என்று பாடம் நடத்தினாரே, அந்தக் காகிதம் பாடத்தை மதித்து மூச்சு வாங்கியது. தளர்ந்து, அட்டையோடு அட்டையாகப் படிந்தது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மனைவி கடைக்கு வந்தாள். படத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறாளாம்.

“ஏங்க, உங்க கையெழுத்து நூலகச் சுவர்ல தொங்குது. முத்து முத்தா இருக்கு. ‘மனைவி வழி, ஜாக்கிரதை’ன்னா என்னங்க, அந்தக் கொக்கோட பேரா?”

அரைமில்லி ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று தையல்காரர் பார்த்தார். ஒரு கையில் திருப்புளி, மறு கையில் புது அட்டை, சட்டைப்பையில் பசை டப்பா, பிளேடு, பென்சில்.

கொழுந்தியாள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு படித்தாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

“கொக்குதான் அத்தான்” என்றாள்.

அவர் மழையைப் பற்றி ஆரம்பித்தார். ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்றுகூடச் சொன்னார். அவள் படத்தைக் கழற்றி வாசிப்பு மேசையில் வைத்தாள். அவர் ஆணிகளை எடுத்து, பிளேடால் இரண்டு பட்டைகளையும் அறுத்து, கொக்கைத் தூக்கினார். ஒரு இறகு அசையவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் செய்த ஆகச் சுத்தமான வேலை அதுதான், பாராட்டத்தான் ஆளில்லை.

“அந்த மடிப்பு நான் பண்ணதுதான்” என்றாள் கொழுந்தியாள். “பஸ்ல கொண்டுவரப்ப மடங்கிடுச்சு. ஒத்துக்கமாட்டேன்னு எழுதிட்டீங்க. நீங்க கேக்கவே இல்லையே அத்தான்.”

கையில் பென்சில் இருந்தும் அரைமில்லிக்கு எழுத ஒன்றும் அகப்படவில்லை. புது அட்டை வெள்ளையாகவே உள்ளே போனது. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படம் சுவரில் இருந்தது.

மாமியார் வந்தார், நாத்தனார் வந்தார். இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள். மாமியார் தலையைச் சாய்த்து, “வாத்து நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“கொக்குங்க” என்றார் அரைமில்லி. கொஞ்சம் சத்தமாகவே. நூலகர் நிமிர்ந்து பார்த்தார். கொழுந்தியாளும் பார்த்தாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது. உதட்டோரம் அரை மில்லி நகர்ந்திருக்கலாம்.

சாயங்காலம் கடையில் நோட்டைத் திறந்து அரை மணி நேரம் வழக்காடினார். படம் கடைக்குத் திரும்பி வரவில்லை; கடைதான் படத்திடம் போனது. ஆகவே, கண்டிப்பாகப் பார்த்தால், இது ‘திரும்பி வந்தவை’யில் சேராது. வாதம் பலமாகத்தான் இருந்தது. எதிரே உட்கார்ந்து மனைவி பழைய அட்டையின் குறிப்பை இன்னொரு தடவை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்ததால் தீர்ப்பு வேறு மாதிரி ஆயிற்று.

பூஜ்யத்தை அடித்து, ஒன்று என்று எழுதினார். பக்கத்தில் ‘காரணம்’ என்ற கட்டம் முப்பத்தொரு வருடமாகக் காலியாக இருந்தது. ‘மழை’ என்று எழுதினார். பிறகு அழிரப்பரைத் தேடி எடுத்து, சுத்தமாக அழித்துவிட்டு, ‘கேட்கவில்லை’ என்று எழுதினார்.