சரசுவின் தலைத்துணி

எனக்கு வயது எண்பத்திரண்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எவர் முன்னாலும் தலை குனிந்தவள் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

கலியாணமான புதிதில், கொடைக்கானலில் பேரிக்காய்ப் பெட்டி செய்யும் பட்டறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பூம்பாறை ஊர்ச் சரசுவை முதலாளி ரம்ப மெஷினில் நிறுத்தினார். அவளுக்குக் காக்கிக் கோட்டு, கண்ணாடி, முடியை இறுக்கிக் கட்டத் தலைத்துணி எல்லாம் கொடுத்தார். அவள் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு வந்தாலே எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அந்தத் துணியை எடுத்து என் மடியில் ஒளித்துவிட்டேன்.

“துணி இல்லாம மெஷினத் தொட மாட்டேங்க,” என்றாள் சரசு.

“லாரி நிக்குது, வெரசா அறுக்கணும்!” என்று முதலாளி கத்தினார்.

“நான் அறுக்குறேங்க,” என்று முந்திக்கொண்டேன்.

“சடைய அள்ளி முடிஞ்சுக்கோக்கா,” என்றாள் சரசு.

“ஒனக்குப் பொறாமடி!”

பலகையைத் தள்ளக் குனிந்தேன். சடை முன்னால் சரிந்தது. நுனி ரிப்பனை மெஷினில் ஓடுகிற பெல்ட் பிடுங்கிக்கொண்டு போனது. சடையும் சிக்குவதற்குள் சரசு என் சடையைப் பற்றிப் பின்னால் இழுத்துவிட்டாள். நான் மரத்தூளில் விழுந்தேன். மடியிலிருந்த துணியும் விழுந்தது.

அவள் அதை எடுத்து உதறினாள். என் தலையில் கட்டிவிட்டாள்.

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேக்கா.”

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அந்த மனசு எனக்கு இல்லையே என்று. மன்னிப்புக் கேட்கவே இல்லை.

ஏலே பேராண்டி, எழுத்துக்கூட்டி எழுதியிருக்கேன், வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுய்யா. சரசு பேரு வர்ற எடத்துல நல்லா சத்தமா வாசி.