முழங்கையைப் பிடித்தவன்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவளைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெல்ட்டக்கா என்பார்கள். கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கியவள், சாயங்காலங்களில் நாற்காலிக் கிடங்கின் மாடியில் வகுப்பு எடுப்பவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சியோடுதான் இருந்தாள். "எங்க வீட்டுக்குத் திருடன் வந்தா, அவனைக் காப்பாத்தத்தான் போலீஸைக் கூப்பிடணும்" என்று தங்கச்சி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவனின் தோளையும் கையையும் பார்த்துக்கொண்டே நடப்பாள். இப்படி வந்தால் இப்படித் தடுக்கலாம், அப்படி வந்தால் முட்டியில் உதைக்கலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு தடவையாவது எவனாவது வாலாட்ட மாட்டானா என்று உள்ளூர ஒரு நப்பாசைகூட உண்டு.

மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில், சாப்பிடுவதற்காகக் கடையிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தூறல். பக்கத்தில் யாரோ அவள் நடைக்கு நடை சேர்ந்து வருவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாரிய தலை, ஐம்பது வயசு இருக்கும். கக்கத்தில் குடை இருந்தது. நனைந்துகொண்டிருந்தானே தவிர அதை விரிக்கவில்லை.

"வா, நேரமாச்சு" என்றான்.

வீட்டு ஆளைக் கூப்பிடுகிற குரல். சொல்லிக்கொண்டே அவள் முழங்கையைப் பிடித்தான். அழுத்தமான பிடியும் இல்லை. ரோட்டைக் கடக்கும்போது அண்ணன் தங்கையைப் பிடிப்பானே, அப்படி.

யாரென்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கையை உதறலாம் என்று நினைத்தாள். கை அப்படியே இருந்தது. இந்தப் பிடியிலிருந்து விடுபடுவதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஆனால் வகுப்பில் எதிராளி முன்னால் வந்து நிற்பான், தலை குனிந்து வணங்குவான், 'ஆரம்பி' என்று ஒரு குரல் வரும், பிறகுதான் பாய்வான். இங்கே யாரும் பாயவில்லை. அவள் உடம்பு அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டே அவனோடு நடந்தது.

மருந்துக்கடையைத் தாண்டினார்கள். கல்லாவில் இருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, வீட்டுக்கு விருந்தாளியா?"

"என் தங்கச்சியைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றான் அவன்.

"அப்படியா, சந்தோஷம்!"

அவள் சிரித்தாள். யாரும் சிரிக்கச் சொல்லவில்லை, மிரட்டவுமில்லை. தன் முகம் தானாக விரிந்து, பற்கள் தெரிந்து, கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவதை அவள் உள்ளேயிருந்து யாரோபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தெரு தாண்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடம். படியேறினார்கள். முதல் மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் நின்று, அவன் பையிலிருந்து சாவியை எடுத்தான். பூட்டுக்குள் சாவி திரும்புகிற சத்தம் கேட்டதும் அவள் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"எழுந்திரு. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றான், கோபமே இல்லாமல்.

அப்போதுதான் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வகுப்பில் குத்தும்போது போடுகிற கம்பீரமான சத்தமல்ல. வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரிக்கிற மாதிரி. அது நிற்கவேயில்லை.

மேலே ஒரு கதவு திறந்தது. துவைக்க வேண்டிய துணி வாளியோடு மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அம்மா ஒருவர் இறங்கி வந்தார்.

"யாருப்பா நீ? என்ன அவளுக்கு?"

"என் தங்கச்சிம்மா. உடம்பு முடியல."

அந்த அம்மா அவளைப் பார்த்தார். கம்பியைக் கட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தார்.

"தங்கச்சியா? பேரு என்ன?"

அவன் பூட்டிலிருந்து சாவியை உருவிப் பையில் போட்டான்.

"கூடப்பிறந்தவ பேரு தெரியாதா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே வாளியைக் கம்பியில் ஓங்கி ஓங்கி இடிக்க ஆரம்பித்தார். கட்டடமே அதிர்ந்தது. மேலும் கீழும் கதவுகள் திறந்தன.

அவன் முழங்கையை விட்டான். சட்டையை இழுத்துச் சரிசெய்தான். குடையைக் கக்கத்தில் நன்றாக இடுக்கிக்கொண்டான். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் படியிறங்கிப் போனான். ஏனோ ஒருவருக்கும் அவனைத் தடுத்து நிறுத்தத் தோன்றவில்லை.

போலீஸ் வந்து அந்த வீட்டைப் பார்த்தது. வெகுநாளாகக் காலியாகக் கிடக்கிற வீடு, சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். ஆனால் தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒரு நாற்காலிக்கு முன்னால் பெண்கள் போடுகிற புதுச் செருப்பு ஒரு ஜோடி, முன்பக்கம் வாசலைப் பார்த்தபடி.

"உங்களுதாம்மா?" என்று கேட்டார் போலீஸ்காரர்.

இல்லையென்று தலையாட்டினாள். பார்த்தால் தன் காலுக்குச் சரியாக இருக்கும்போலத்தான் இருந்தது. போட்டுப் பார்க்கச் சொன்னபோது மறுத்துவிட்டாள்.

அவன் அகப்படவேயில்லை. வீட்டில் தங்கச்சி நிறையத் தயங்கிவிட்டுத்தான் கேட்டாள்.

"ஒரு குத்து விட்டிருக்கலாமேக்கா?"

"எங்கடி குத்துறது? அவன் என்னை அடிக்கவேயில்லையே."

தங்கச்சி அதன்பிறகு திருடன் ஜோக்கைச் சொல்வதை விட்டுவிட்டாள். அக்காவுக்குப் பெல்ட் கொடுத்த பெரிய மாஸ்டர், பயிற்சி போதவில்லை, இன்னும் கடுமையாகச் செய் என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சில வாரங்கள் வகுப்புக்குப் பூட்டுப் போட்டிருந்தாள். லென்ஸ் தேய்க்கும்போது வாடிக்கையாளர் யாராவது பக்கத்தில் வந்து நின்றால் மெஷினை நிறுத்திவிடுவாள்.

பிறகு ஒருநாள் வகுப்பில் கற்றுக்கொள்கிற எல்லாரையும் வரச்சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சிரித்ததையும் சொன்னாள். "இவ்வளவு நாள் நான் சொல்லிக்கொடுத்தது நல்ல விளையாட்டு. அதை விடப்போறதில்ல. ஆனா அது வேற, இது வேற. இதை நாம இன்னும் ஆரம்பிக்கவேயில்ல."

சீருடையைக் கழற்றச் சொன்னாள். வீட்டு உடை, செருப்பு, கையில் பை. மூன்றாம் மாடிக்காரம்மாவையும் கூப்பிட்டிருந்தாள். அவர்தான் ஒவ்வொருவர் முழங்கையையும் பிடித்து, "வா, நேரமாச்சு" என்பார். பிடிபட்டவர் போகக்கூடாது, அவ்வளவுதான்.

எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் லாரி மெக்கானிக். அடுக்கிவைத்த ஓடுகளை ஒரே குத்தில் உடைக்கிறவர். அந்த அம்மா அவர் முழங்கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். மெக்கானிக் கூடவே போனார். வாசல்வரை போனார். திரும்பியபோது முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை.

"மறுத்தா மரியாதையில்லாத மாதிரி இருந்துச்சு மாஸ்டர்" என்றார் மெல்ல.

அடுத்தவர் போனார். அதற்கடுத்தவரும் போனார். விளையாட்டென்று தெரிந்தும், ஒவ்வொருவராக அதே சிரிப்போடு வாசலை நோக்கி நடந்தார்கள். சிரிப்புச் சத்தம் அடங்கி, செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

இதெல்லாம் கராத்தேயே இல்லை என்று சிலர் வகுப்புக்கு வருவதை விட்டுவிட்டார்கள். இருந்தவர்கள் உட்காரக் கற்றுக்கொண்டார்கள். எதையாவது கட்டிக்கொள்ள, தட்டிச் சத்தமெழுப்ப, 'நீ யாரு?' என்று உரக்கக் கேட்க. அவள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாள். தான் மட்டும் அந்தப் பிடிக்குள் நிற்கவில்லை.

"உன் முறை" என்றார் மூன்றாம் மாடிக்காரம்மா ஒரு சாயங்காலம்.

கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள். முழங்கையில் கை பட்டது. "வா, நேரமாச்சு." கொஞ்சதூரம் போய்விட்டாள். பிறகு நின்றாள்.

"மாட்டேன்."

"என்ன? காதுல விழல."

"மாட்டேன்."

"இவ்வளவுதானா?"

அவள் கத்தினாள். கத்த ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, தரையின் மரப்பலகையைக் கையால் அறைந்து அறைந்து கத்தினாள். கீழே கிடங்கில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலும் கையுமாகப் படியேறி ஓடிவந்தார்கள்.

"யாரு? எங்க அவன்?"

விளையாட்டுக்குத்தான் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவன் அங்கேதான் நிற்கிறான் என்பதுபோல எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.