கோவிந்தராசு சார் மீது எனக்கிருந்த சந்தேகம்

தியாகதுருகத்தில் மகள் வீட்டில் இருந்த கோவிந்தராசு சார் காலமானார் என்று, போன செவ்வாய்க்கிழமை காலை பழைய சக ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அவரை அறிந்த நீங்கள் பலரும் அவருடைய அன்பைப் பற்றிப் பேசுவீர்கள். நான் அவரைச் சந்தேகப்பட்டவள். அதைச் சொல்வதுதான் முறை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் அவர் கணக்கு, நான் அறிவியல். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண்களை மாலையில் வேப்பமரத்தடியில் உட்காரவைப்பார். அவர் பாடம் நடத்த மாட்டார். ஒருத்தி கணக்கை வாயால் விளக்க, மற்றவர்கள் கேட்பார்கள். “வாயால சொல்ல வந்துட்டா போதும் டீச்சர், எழுத்து தானா வரும்” என்பார். எனக்கு அதில் ஏதோ தில்லுமுல்லு இருப்பதாகவே பட்டது.

அவர்களில் ஒருத்தி, கணக்கில் இருபது மதிப்பெண்ணைத் தாண்டாத ஒன்பதாம் வகுப்புச் சின்னப்பொண்ணு, காலாண்டுத் தேர்வில் எண்பத்தெட்டு வாங்கினாள். வினாத்தாள் தயாரித்தவர் சார். நேராகவே கேட்டேன்: “கேள்விய முன்னாடியே சொல்லிட்டீங்களா சார்?”

“என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? ஒரு கணக்கு குடுத்து அவளையே கேளுங்க.”

மறுநாள் அவளைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினேன். ஒரு நிலத்தின் பரப்பளவு கேட்டேன். “யாரு சொல்லிக் குடுத்தது? உண்மையச் சொல்லு” என்று இடையிடையே அதட்டினேன். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாளே தவிர, ஒரு வரிகூட எழுதவில்லை. என் சந்தேகம் உறுதியாயிற்று. அன்று மாலையே அவள் விடுதியை விட்டு மலையிலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சார் என் வீட்டுக்கு வந்தார். “வாங்க டீச்சர், போய்க் கூட்டிக்கினு வரலாம்.” பேருந்து மலை ஏறும்போதும், ஊரார் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கத்தான் அழைத்துப்போகிறாரோ என்று நினைத்தேன்.

சின்னப்பொண்ணு மரவள்ளிக் கொல்லையில் தன் அம்மாவோடு கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மறுபடியும் நிக்க வெச்சுக் கேப்பாங்களா?”

சார் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை. “கண்ணு, டீச்சருக்கு அந்தக் கணக்கு புரியல. நீ சொல்லிக் குடு” என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார்.

நான் மண்ணில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவளும் உட்கார்ந்தாள். மரவள்ளிக் குச்சியால் நிலத்தை வரைந்து, குறுக்கே கோடு இழுத்தாள். “இப்பிடி வெட்டினா ரெண்டு முக்கோணம் டீச்சர்.” கடைசிவரை தடுமாறாமல் சொல்லி முடித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். எங்களோடு வந்தாள், பத்தாவது தேறினாள். ஆனால் என் வகுப்பில் ஒருமுறைகூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது சார் சொன்னார்: “சந்தேகம் எனக்கும் வரும் டீச்சர். ஆனா புள்ளைய எதிர்ல நிறுத்திக் கேக்கக் கூடாது.”

அதற்குப் பிறகும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை, ஒரு விடைத்தாள் உறுத்தும்போதெல்லாம், பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கு என் பக்கத்தில் இடம் விட்டேன். சாரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு முழ இடம்.